பதற்றம் போன பிறகு மலையேறலாம் என்று காத்திருந்தேன்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில், பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு நெஞ்சு படபடத்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. இதோ உயிர் போகிறது என்றே நினைத்தேன். டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, இது பதற்றம் என்றார். முதல் தடவை நெஞ்சில் ஏதாவது செய்தால் நீங்களும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், நீங்களே முடிவுகட்டாதீர்கள்.

அதற்கப்புறம்தான் என் தவறுகள் ஆரம்பித்தன. அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா "நல்லா மூச்ச இழுத்து விடு தம்பி" என்றார், அதை மந்திரமாகப் பிடித்துக்கொண்டேன். படபடக்கும்போது வேகவேகமாக, ஆழமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலைசுற்றலும் மரத்துப்போவதும் கூடத்தான் செய்யும். இழுப்பதைவிட விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும்.

அடுத்தது, மலைக்குப் போவதையே விட்டேன். ஒவ்வொரு தடவை தட்டிக்கழித்தபோதும் 'அப்பாடா' என்று இருந்தது. அந்த அப்பாடாதான் வினை. 'போகாததால்தான் பிழைத்தோம்' என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது.

ஆனால் பெரிய சேதம் செய்தது வேறு. எதற்கெடுத்தாலும் வீட்டில், "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்பேன். செவ்வாய்ப்பேட்டையில் கடையைப் பூட்டிவிட்டு, பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவேன். இழுத்துப் பார்க்கப் பார்க்க, பூட்டினோமா என்பது இன்னும் மங்கலாகத்தான் ஆனது. இப்போது ஒரே இழுப்பு. சந்தேகத்தையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். முதல் வாரம் நரகம், பொய் சொல்லவில்லை.

தன்மேல் நம்பிக்கை என்றால் 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்ற உறுதி என நினைத்திருந்தேன். அந்த உறுதியை யாரால் தர முடியும்? 'படபடத்தாலும் உட்கார்ந்திருப்பேன்' என்பதுதான் என் கையில் இருக்கிறது. அதனால் முதலில் அடிவாரம் வரை, பிறகு ஐந்தாவது வளைவு வரை என்று நண்பனின் பைக்கில் போனேன். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் திரும்பவில்லை. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சம் தொட்டு, தானே இறங்குகிறது. தூக்கமோ வேலையோ கெடும் அளவுக்குப் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

போன மாதம் பஸ்ஸிலேயே போனேன். ஏழாவது வளைவில் படபடத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகைகளை எண்ணினேன். பன்னிரண்டு வந்தபோது, பின்சீட்டுப் பையன் பலாச்சுளை வேண்டுமா என்று கேட்டான். வாங்கிக்கொண்டேன்.