ஆராய்ச்சிச் செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: மீகடத்தி முதல் கருப்பை அறுவை வரை

2023 ஜூலை கடைசியில் ஒரு சின்னக் கறுப்புத் துண்டின் வீடியோ உலகம் பூராவும் சுற்றியது. காந்தத்தின் மேல் ஒரு முனை உட்கார்ந்திருக்க, மறுமுனை அந்தரத்தில் நின்றது. தென்கொரிய ஆய்வாளர்கள் அதற்கு எல்கே-99 என்று பெயர் வைத்திருந்தார்கள். ஈயம், தாமிரம், பாஸ்பரஸ் எல்லாம் சேர்ந்த பொருள். 127 டிகிரி செல்சியஸ் வரை மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும், அதாவது அது ஒரு மீகடத்தி என்றார்கள்.

அது உண்மையாக இருந்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் பின்னணி. 1911இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஓன்னஸ் முதன்முதலில் மீகடத்துதிறனைக் கண்டபோது, பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. 1987இல்தான் திரவ நைட்ரஜனின் குளிரே போதும் என்கிற பொருள் கிடைத்தது. அதுவும் மைனஸ் 180ஐ ஒட்டித்தான். இப்படிப்பட்ட துறையில் ஒருவர் வந்து கொதிநீரின் சூட்டிலும் வேலை செய்யும் என்றால் ஊரே கூடத்தான் செய்யும்.

இங்கே பலரும் செய்த முதல் தவறு, ஒரே ஒரு அறிகுறியைப் பார்த்து முடிவு கட்டியது. காந்தத்தின் மேல் மிதப்பது மீகடத்தி மட்டும் அல்ல. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டின் மெல்லிய தகடும் வலுவான காந்தங்களின் மேல் மிதக்கும். இரும்பைப் போலக் காந்தத் தன்மை கொஞ்சம் கலந்த துண்டும் ஒரு முனையை ஊன்றிச் சாய்ந்து நிற்கும். மின்தடை சட்டென்று சரிந்தது என்ற வரைபடமும் காட்டப்பட்டது. ஆனால் அந்தத் தயாரிப்பு முறையில் தாமிர சல்ஃபைடு பக்கவிளைபொருளாக உருவாகும். அது சுமார் 104 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது அதன் மின்தடை செங்குத்தாக விழும். வரைபடத்தில் சரிவு இருந்ததும் அந்த வெப்பநிலையை ஒட்டித்தான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் கந்தகம் படாமல் தூய படிகத்தை வளர்த்தார்கள். கிடைத்தது ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் படிகம், மின்தடை பத்து லட்சம் ஓம் கணக்கில். மீகடத்தி இல்லை, நல்ல மின்காப்பான். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் செய்து பார்த்து மீகடத்துதிறன் இல்லை என்றே சொன்னது.

அதனால் மீகடத்தி என்று எங்கே படித்தாலும் இரண்டைத் தேடுங்கள். மின்தடை உண்மையிலேயே பூஜ்யமா, வெறுமனே குறைந்ததா? அப்புறம், பொருள் தனக்குள்ளிருந்து காந்தப்புலத்தை வெளியே தள்ளுவதை அளந்தார்களா? 1933இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது இது. இரண்டும் ஒரே வெப்பநிலையில் தொடங்கினால்தான் பேச்சு.

எல்கே-99 கட்டுரை முன்பதிப்பாக, அதாவது மற்ற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் வந்தது. அதை நம்பியதுதான் பிரச்சினை, பெரிய இதழில் வந்திருந்தால் சரி என்று சிலர் சொல்வார்கள். அதுவும் தவறு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரங்கா டயஸ் குழுவின் அறை வெப்பநிலை மீகடத்திக் கட்டுரை 2020இல் நேச்சர் இதழிலேயே வந்தது. 2022இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. லுட்டீசியம் ஹைட்ரைடு பற்றிய இன்னொரு கட்டுரை 2023 மார்ச்சில் வந்து, அதே நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. இதழின் பெயரைவிட, சம்பந்தமில்லாத இன்னொரு ஆய்வகம் அதையே செய்து பார்த்ததா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

வரைபடத்தைப் பார்க்காமலே செய்தியைக் கடப்பதும் பழகிப்போன தவறு. 2018இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஒரு முன்பதிப்பு வந்தது. தங்கமும் வெள்ளியும் சேர்ந்த நுண்துகள்கள் மைனஸ் 37 டிகிரியில் மீகடத்தி ஆகின்றன என்றது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் அதில் ஒரு படத்தை உற்றுப் பார்த்தார். வெவ்வேறு காந்தப்புலங்களில் அளந்த கோடுகள் அவை. ஒவ்வொரு அளவீட்டிலும் கருவியின் இரைச்சல் புள்ளிகளைக் கொஞ்சம் மேலும் கீழும் ஆட்டிவிடும், அந்த ஆட்டம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்க வேண்டும். ஆனால் அங்கே பச்சைப் புள்ளிகளும் நீலப் புள்ளிகளும் ஒரே மாதிரி ஆடியிருந்தன, ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தது போல. ஆய்வகமோ கருவியோ இல்லாமல், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே எழுப்பிய கேள்வி இது. நாமும் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் வரைபடத்தின் அச்சுகளில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது பார்க்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்தத் துறையே ஏமாற்று என்று முடிவு செய்வதும் தவறுதான். 2015இல் ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 70 டிகிரியில் மீகடத்தியானது. அதை மற்ற ஆய்வகங்களும் உறுதிசெய்தன. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அழுத்தம் வளிமண்டலத்தைப் போலச் சுமார் 15 லட்சம் மடங்கு. வெப்பநிலையை மட்டும் தலைப்பில் போட்டு அழுத்தத்தை விட்டுவிடும் செய்தி, பாதிச் செய்திதான்.

இப்போது நம்மூர்க் கீழாநெல்லிக்கு வருவோம். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி வைரஸை நாள்பட்டுச் சுமப்பவர்களிடம் செய்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போனது, போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. இன்றைக்கும் மேடைகளில் சொல்லப்படும் கணக்கு இது. ஆனால் பின்னால் தாய்லாந்திலும் வேறு நாடுகளிலும் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தப் பாதி சொல்லப்படுவதில்லை. நல்லதாக வந்த முதல் சிறு ஆய்வைப் பிடித்துக்கொண்டு பிறகு வந்ததை விட்டுவிடும் இந்தப் பழக்கம் ஆளைப் பாதிக்கும். ஹெபடைடிஸ் பிக்கு மருந்து எடுப்பவர் அதை நம்பி மருந்தை நிறுத்தினால் கல்லீரல்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கீழாநெல்லியில் இன்னொரு சிக்கல், எந்தச் செடி என்பதே. பழைய இந்தியத் தாவர நூல்களில் ஃபைலாந்தஸ் நிரூரி என்று எழுதியிருக்கும். அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இங்கே அந்தப் பெயரில் அழைக்கப்பட்டவை அமாரஸ், ஃபிரேட்டர்னஸ், டெபிலிஸ் என்று மூன்று இனங்கள் என்பதை 1985இல் இந்தியத் தாவரவியலாளர்கள் தெளிவுபடுத்தினார்கள். வித்தியாசம் கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது. பூவே கடுகளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அமாரஸின் பூவில் 5 இதழ்கள், மற்ற இரண்டிலும் 6. ஆகவே மூலிகை ஆய்வைப் படித்தால், அந்தச் செடியின் மாதிரியை உலர்த்தி எந்த ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) எந்த எண்ணில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற இடங்கள் இருப்பது இதற்காகத்தான். சந்தையில் வாங்கினோம் என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தச் செடிக்கு அந்த முடிவு பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தாவரப் பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன என்ற சலிப்பு பலருக்கும் உண்டு. கருவேல மரம் அகேசியாவிலிருந்து வாச்செலியாவுக்குப் போனது. தாமரையை அல்லியோடு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். டிஎன்ஏவைப் பார்த்தபோது அதன் உறவினர் பிளேன் என்ற நிழல் மரமும் மக்கடேமியா என்ற கொட்டை மரமும் என்று தெரிந்தது. குளத்தில் ஒன்றாக வளர்வதால் உருவம் ஒத்துப்போனது, அவ்வளவுதான். தேடும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுத் தேடினால் போதும்.

கடைசியாக மகளிர் அறுவை சிகிச்சை. இங்கே தவறு செய்தால் உயிர் சம்பந்தப்பட்டது. தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கருப்பையைச் சுற்றியுள்ள திசுவோடு அகற்றும் அறுவை செய்வார்கள். லேப்ராஸ்கோபியில், அதாவது நுண்துளைகள் வழியாகச் செய்தால் தழும்பு சிறியது, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். பழைய நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகளும் இரண்டு முறைகளும் சமம் என்றே சொல்லிவந்தன. சரி, புதுமுறையே மேல் என்று உலகம் நினைத்தது. 2018இல் பெத்ரோ ராமிரெஸ் தலைமையிலான ஆய்வு வந்தது. 33 மருத்துவமனைகள், 631 பெண்கள், யாருக்கு எந்த முறை என்பது குலுக்கல் முறையில். நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம், நுண்துளை முறையில் 86 சதவீதம். இறந்தவர்கள் திறந்த முறையில் 3 பேர், நுண்துளை முறையில் 19 பேர். காரணம் என்ன என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது, ஆனால் சிகிச்சை வழிகாட்டுதல்கள் மாறிவிட்டன. பழைய பதிவேடுகளை நம்பி, குலுக்கல் முறையில் சோதிக்காமலே இரண்டும் சமம் என்று எண்ணிக்கொண்டதுதான் நடந்தது.

உடனே இதிலிருந்து லேப்ராஸ்கோபியே ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் உண்டு. அது மேற்சொன்னதைவிடப் பெரிய தவறு. இந்த முடிவு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான அந்த ஒரு அறுவைக்கு மட்டும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் நடந்த பெரிய ஆய்வுகளில் நுண்துளை முறை நன்றாகவே தேறியது. ஃபைப்ராய்டு என்ற புற்றல்லாத கருப்பைக் கட்டிக்காகக் கருப்பை எடுப்பவருக்கு இந்த எண்கள் பொருந்தாது. அவர் மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு: கட்டியை உள்ளேயே துண்டாக்கி எடுப்பீர்களா, அப்படியானால் பைக்குள் வைத்துச் செய்வீர்களா என்று. கட்டிக்குள் தெரியாமல் புற்று இருந்தால் துண்டாக்கும் கருவி அதை வயிற்றுக்குள் பரப்பிவிடலாம் என்று 2014இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.