வால்வு மாற்றினால் ஒலி மாறுகிறதா? ஹைப்ரிட் ஆம்ப்பில் நீங்களே சோதிக்கலாம்

ஹைப்ரிட் ஹெட்போன் ஆம்ப் (வால்வு எனும் கண்ணாடிக் குழாயும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த பெருக்கி) வாங்கியவர்கள் சீக்கிரமே வேறு வால்வு தேட ஆரம்பித்துவிடுவார்கள். இதைப் போட்டால் பாஸ் இறுகும், அதைப் போட்டால் குரல் இனிக்கும் என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. காசு போடுமுன் இதைச் செய்து பாருங்கள். என்னுடையது 12ஏயு7 என்ற வால்வும் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) அவுட்புட்டும் உள்ள சின்ன ஆம்ப்.

12ஏயு7-இன் உள்மின்தடை சுமார் 7,000 ஓம். 32 ஓம் ஹெட்போனை அதனால் நேரடியாக இயக்க முடியாது. பழைய முறையில் நடுவே ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். ஹைப்ரிட்டில் அந்த இடத்தில் மாஸ்ஃபெட். வால்வு வோல்டேஜைப் பெருக்கும், மாஸ்ஃபெட் கரண்ட் கொடுக்கும், அவ்வளவுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்கி, வால்வை ஆறவிட்டு, நேராக மேலே இழுத்து மாற்றுங்கள். மூடியைத் திறந்தால்தான் வால்வு கைக்கு எட்டும் என்றால் கூடுதல் கவனம் தேவை. சில ஆம்ப்களில் 100 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். திரும்ப ஆன் செய்யும்போது ஹெட்போன் செருகியிருக்கக் கூடாது. வால்வு சூடேறும்வரை அவுட்புட்டில் 'டொப்' என்று ஒரு தள்ளல் வரும்.

அடுத்தது லெவல் பொருத்தம். என்னை அதிகம் படுத்திய கட்டம் இதுதான். ஒரே எண் கொண்ட வால்வுகளிலும் பெருக்கம் கொஞ்சம் மாறும். அரை டெசிபல் கூடினாலே காது அதைச் 'சத்தம் கூடியது' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவு கூடியது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால் வால்வு சூடேறிய பிறகு ஹெட்போனைச் செருகி (காதில் வேண்டாம்), ஒரு சைன் டோனை (ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனை ஒலி) ஓடவிட்டு, அவுட்புட்டில் 300 மில்லிவோல்ட் வரும்வரை வால்யூமைத் திருப்புங்கள். வால்வு மாற்றிய பிறகும் அதே அளவு. 297-க்கும் 303-க்கும் இடையே நின்றால் போதும், வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் வந்துவிடும்.

எல்லோரும் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் என்பார்கள். ஆனால் விலை குறைந்த மல்ட்டிமீட்டர்கள் ஏசி வோல்டேஜை ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமாக அளக்கும். 220 ஹெர்ட்ஸ் எடுங்கள். இன்னொரு சிக்கல், மஞ்சள் நிறச் சின்ன மீட்டர்களில் ஏசிக்கு மிகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட். அதில் 300 மில்லிவோல்ட்டும் 340-ம் ஒரே எண்ணாகத் தெரியும். 2 அல்லது 6 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ள மீட்டர் வாங்குங்கள். தங்கமுலாம் பூசிய கால்கள் உள்ள வால்வுக்குச் செலவழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, இப்போது கேட்கலாமா? வால்வு மாற்றிச் சூடேறுவதற்குள் முன்பு கேட்டது மறந்துபோகும். அதனால் ஹெட்போன் இணைப்பிலிருந்தே ஒரு ஸ்பிளிட்டர் போட்டு, சவுண்ட் கார்டின் லைன் இன்னில் ஒரே பாட்டை இரு வால்விலும் பதிவு செய்யுங்கள். பிறகு ஃபூபார்2000 என்ற மியூசிக் பிளேயரின் ஏபிஎக்ஸ் கருவியில் (எது ஓடுகிறது என்று காட்டாமல், ஏ-யா பி-யா என்று கேட்பது) 16 தடவை கண்மூடிச் சோதனை. வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. எனக்கு லெவல் பொருத்திய பிறகு பெரும்பாலான ஜோடிகளில் ஊகத்தைத் தாண்ட முடியவில்லை.

தாண்டினால் காரணத்தை ரூம் ஈக்யூ விசார்டு என்ற ஒலி அளவீட்டு மென்பொருளில் பாருங்கள், இலவசம்தான். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுத்தால் 2 கிலோஹெர்ட்ஸில் ஒரு முள், 3-இல் ஒரு முள் தெரியும். 2 என்பது மேல் ஸட்ஜம், 3 என்பது அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். இரண்டும் ஸ்வரத்தோடு ஒட்டுபவை. ட்ரையோடு (12ஏயு7 இந்த வகை வால்வுதான்) பெரும்பாலும் 2-இல் உள்ளதையே சேர்க்கிறது. 'இனிமை' என்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். ஆம்ப் முழுவதையும் சுற்றி ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிப் பிழையைக் குறைப்பது) இருந்தால் இந்த முள்ளும் சுருங்கிவிடும், எந்த வால்வு போட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பின்சேர்க்கை: "12ஏயு7 இடத்தில் ஈசிசி88 வால்வு போடலாமா, அதிலும் 9 கால்தானே?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். போடாதீர்கள். 12ஏயு7-இல் 9-ஆம் கால் ஹீட்டரின் (வால்வைச் சூடாக்கும் இழை) நடுமுனை. ஈசிசி88-இல் அது உள்திரை. 4, 5 கால்களுக்கிடையே 12.6 வோல்ட் வரும் சாக்கெட்டில், 6.3 வோல்ட்டுக்கான ஈசிசி88 ஹீட்டர் எரிந்துபோகும். ஆம்ப்பில் இதற்கென ஜம்பர் (இணைப்பை மாற்றும் சின்னச் செருகி) இருந்தால் மட்டும், அதை மாற்றிவிட்டுப் போடுங்கள்.