தன் முகத்தை வரைந்து எதிர்ப்பைச் சொல்வது: கொங்கு ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகத்தை வரைந்து முடித்துவிட்டு, அப்புறம் அடையாளத்தைச் சுற்றிலும் அடுக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பின்னால் காங்கேயம் காளை, ஓரத்தில் பனைமரம், தோளில் கண்டாங்கிச் சேலை. கண்டாங்கி செட்டிநாட்டுச் சேலை. நம் பக்கத்துக்கு நெகமம் பருத்திச் சேலை இருக்கிறது. சரி, சேலையை மாற்றினால் மட்டும் படம் உங்களுடையதாகிவிடுமா? பவானியில் ஜமுக்காளம் நெய்யும் வீட்டில் பிறந்தவர், தறிக்குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்தபடி தன்னை வரையலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வருபவர் அந்த அசந்த முகத்தையே வரையலாம். காளை வேண்டியதில்லை.

மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ 1932-ல், அமெரிக்காவில் இருந்தபோது, இரண்டு நாடுகளின் எல்லையில் தான் நிற்பதாக வரைந்தார். ஒரு பக்கம் பழைய கோயில் இடிபாடு, மறுபக்கம் ஆலைப் புகை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நிலைதான் அங்கே அடையாளம்.

இதைவிடப் பெரிய தவறு, கொங்கு என்றாலே ஒரு சாதியின் பெருமை என்று எடுத்துக்கொள்வது. அருந்ததியர், நெசவாளர், மலையில் இருளர், ஊராளி, சோளகர் எல்லோருக்கும் இது சொந்த மண். எந்தத் தெருவில் நின்று வரைகிறீர்கள் என்பது படத்தில் தெரிய வேண்டும். நிலம் வைத்திருக்கும் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன்னை வரைவதை என்னால் ஏற்க முடியாது. பறையடித்தவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊர் இது. தன் வீட்டு வாசலையும் அந்த இடைவெளியையும் வரையட்டும். அது அவர் முகத்துக்குப் பொருந்தும்.

தணிக்கையை எதிர்ப்பது என்றதும் வாயில் டேப் ஒட்டி வரைந்துவிடுகிறார்கள். யாரை, எதைச் சொல்லவிடவில்லை என்பது அதில் எங்கே இருக்கிறது? ஈரானில் பிறந்த ஷிரின் நெஷாத் 1990-களில் உருவாக்கிய புகைப்படங்களில் முகத்தின் மேலும் கையின் மேலும் பாரசீகப் பெண் கவிஞர்களின் வரிகளை எழுதினார். பேச்சே அங்கே உடம்பின் மேல் நிற்கிறது. நம் ஊரிலும் சான்று உண்டு. திருச்செங்கோட்டில் தன் நாவலுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2015 ஜனவரியில் பெருமாள்முருகன், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அறிவித்தார். தன் பெயரையே வைத்துச் சொன்னதால்தான் அது அவ்வளவு உறைத்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஒருவரும் கேட்காதபோதே பயந்து படத்தை அழித்துவிடாதீர்கள். கருத்துரிமையை அரசியலமைப்பின் 19(1)(அ) தருகிறது. அதற்கான வரம்புகள் 19(2)-ல் இருக்கின்றன. இரண்டையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். காட்சிக்கு வைக்கும் முன் படத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். படத்தை இறக்கச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.