அம்மாவோட சம்பளச் சீட்டுல ஒரு நேர்கோடு இருக்கு

ஓஎல் எழுதப்போற நெறைய புள்ளைங்க ஆள்கூறு பாடம்னாலே பயந்துர்றாங்க, வை சமன் எம்எக்ஸ் சக சி ன்னு பாடமாக்கிட்டு போயிர்றாங்க, ஆனா அதே கணக்குதான் அம்மாவோட தேயிலைக் கொழுந்து சம்பளத்துலயும் இருக்குன்னு யாரும் சொல்லித்தர்றதில்ல, அது எனக்கு பெரிய கவலை.

2021ல தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபா ஆச்சுல்ல, கணக்குக்கு அதையே எடுத்துக்குவோம். பேருக்கு (ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய கொழுந்து அளவு) மேல எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் 40 ரூபான்னு வச்சுக்குங்க. கூடுன கிலோ எக்ஸ், அன்னைக்கு வர்ற காசு வை. ஒரு நாள் 3 கிலோ கூட எடுத்து 1120 வருது, இன்னொரு நாள் 8 கிலோ, 1320. கொப்பியில (3, 1120), (8, 1320)ன்னு ரெண்டு புள்ளி போட்டு கோடு கீறுங்க. படித்திறனுக்கு வை வித்தியாசத்த எக்ஸ் வித்தியாசத்தால பிரிக்கணும், 200ஐ 5ஆல பிரிச்சா 40, அதுதான் எம், ஒரு கிலோவோட காசு. 1120ல இருந்து கூடுன 3 கிலோவோட 120 கழிச்சா 1000, அது சி, கோடு வை அச்ச வெட்டுற இடம், அதாவது கூட ஒண்ணும் எடுக்காட்டியும் கெடைக்கிற பேர்க்காசு.

ஒண்ணு கவனம், படித்திறனுக்கு பிரிக்கிறப்ப மேல எந்தப் புள்ளிய மொதல்ல எழுதினீங்களோ கீழயும் அதையே மொதல்ல எழுதுங்க, மாத்திட்டா சய வந்துரும், சோதனையில புள்ளி போறது அங்கதான்.

இப்ப மத்த நாளையும் போட்டுப் பாருங்க. 5 கிலோ கூட எடுத்த நாளுக்கு 1200 வரணும் (ஈபிஎஃப் வெட்ட முந்தி உள்ள காசு), சீட்டுல 1160ன்னு இருந்தா ஒரு கிலோ விடுபட்டிருக்கு. எங்கம்மாவுக்கு ஒரு மாசம் ரெண்டு நாள் கணக்கு இப்பிடி கோட்டுக்கு கீழ விழுந்துச்சு, கொப்பியோட போய் காட்டுனோம், அடுத்த மாசம் சேத்து குடுத்தாங்க.

நடுப்புள்ளி லேசு, எக்ஸ் ரெண்டையும் கூட்டி 2ஆல பிரிங்க, வையும் அப்பிடித்தான்.

ரெண்டு புள்ளிக்கு இடையில தூரம் எடுக்கிற சூத்திரம் வேற ஒண்ணுமில்ல, பைதகரஸ்தான், மேசன் பாஸ் அத்திவாரம் போடுறப்ப மூலையில இருந்து ஒரு பக்கம் 3 அடி மறுபக்கம் 4 அடி அளந்து குறுக்கால 5 வருதான்னு பாப்பாரே, அதேதான். 7 பேர்ச்சஸ் காணியில வீடு கட்டுறவங்க கூரைக்கும் இதையே பாவிங்க, செவர்ல இருந்து முகட்டுக்கு நேர் கீழ வரைக்கும் 8 அடி, செவர் மட்டத்துல இருந்து முகடு 6 அடி உசரம்னா 64 சக 36, 100, வர்க்கமூலம் 10, அப்ப சரிவு 10 அடி. ஆனா 10 அடி தகரம் வாங்கிறாதீங்க, நம்ம பக்கத்து மழைக்கு செவருக்கு வெளிய ஒரு ஒன்றரை அடியாவது நீட்டிக்கிட்டு இருக்கணும்.