பேல் ஏலுக்கு எந்த ஹாப்ஸ் வாங்குவது?

முதல்முறை பேல் ஏல் என்ற வெளிர்நிற பியரைக் காய்ச்சுகிறவர்கள் ஆசையில் ஐந்தாறு வகை ஹாப்ஸை, அதாவது பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப் பூவை, வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம். கசப்புக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று போதும். எது என்ன தருகிறது என்று அப்போதுதான் நாக்குக்குப் பிடிபடும். வீட்டில் பியர் காய்ச்சச் சட்டம் இடம் தரும் ஊர்க்காரர்களுக்கே இந்தக் குறிப்பு. அளவெல்லாம் 20 லிட்டருக்கு.

படி 1: கசப்பு

ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலம் கொதிக்கும் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) சாற்றில் உருமாறினால்தான் கசப்பு இறங்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். விலை கூடிய வகையை இங்கே போடாதீர்கள். ஜெர்மனியின் மேக்னம் சுத்தமான கசப்பு தரும். பாக்கெட்டில் ஆல்ஃபா 12% என்றிருந்தால் 20 கிராம் போதும், சுமார் 30 ஐபியூ (பியரின் கசப்பை அளக்கும் அலகு) கிடைக்கும். அமெரிக்க பேல் ஏலுக்கு 30 முதல் 50 வரை வழக்கம்.

படி 2: மணம்

நான் சொல்வது கேஸ்கேட். அமெரிக்காவின் ஒரிகனில் உருவாகி 1972-ல் வெளிவந்தது. 1980-ல் வந்த, சியரா நெவாடா என்ற அமெரிக்க ஆலையின் பேல் ஏலின் மணம் இதுதான்: கிரேப்ஃப்ரூட் தோல், கொஞ்சம் பூவாசம். மாம்பழம், லிச்சி பிடிக்குமென்றால் சிட்ரா. பைன் பிசின் வாசத்துக்கு சிம்கோ.

படி 3: முகர்ந்து பாருங்கள்

நாலைந்து பெல்லட்டை (ஹாப்ஸை அரைத்து அழுத்திய சிறு உருண்டை) உள்ளங்கையில் வைத்து, சூடேறும்வரை தேயுங்கள். பச்சைத் தூளாக உதிர்ந்து, கை பிசுபிசுக்க வேண்டும். கையைக் குவித்து முகருங்கள். பழுப்பாக இருந்தாலோ பழைய சீஸ் வாடை அடித்தாலோ தூக்கிப் போடுங்கள். ஒருமுறை தள்ளுபடியில் வாங்கியது அப்படி வாடை அடித்தும் தூக்கிப்போட மனசு வராமல் பியரில் சேர்த்துவிட்டேன். 20 லிட்டரையும் கொட்ட வேண்டியதாயிற்று. வாங்கும்போதே அறுவடை ஆண்டைப் பாருங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்.

படி 4: எப்போது போடுவது

ரசம் நுரைகட்டியதும் இறக்குகிறோமே, மணம் போகக்கூடாதென்று, அதே கதைதான். அடுப்பை அணைத்து, சாறு 80 டிகிரிக்கு இறங்கியதும் கேஸ்கேட் 50 கிராம் போட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். நொதித்து அடங்கும் தறுவாயில் இன்னொரு 50 கிராம், மூன்று நாள். ரொம்ப நாள் விட்டால் புல்வாசம் ஏறும்.

நாய் வளர்க்கிறவர்கள் கவனம்: ஹாப்ஸ் நாய்க்கு விஷம், சக்கையும்தான். மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

அடுத்த தடவை மால்ட், ஈஸ்ட், மேக்னம் எதையும் மாற்றாமல் கேஸ்கேடுக்குப் பதில் சிட்ரா மட்டும் போட்டுக் காய்ச்சுங்கள். முதல் தடவையில் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்திருந்தால் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்கலாம்.