மடக்குக் கத்தி வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

ஒரு வாரம் மட்டும் கவனித்துப் பாருங்கள். ‘இப்போது கையில் ஒரு கத்தி இருந்தால் தேவலையே’ என்று எப்போதெல்லாம் தோன்றுகிறது, எதற்காகத் தோன்றுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பார்சல் பெட்டியின் டேப், சணல் கயிறு, பிளாஸ்டிக் பட்டை, புதுச் சட்டையில் தொங்கும் நூல், பென்சில், ஒரு ஆப்பிள். பெரும்பாலானவர்களின் பட்டியல் இதோடு முடிந்துவிடும். ஆனால் கத்தி வாங்க உட்காரும்போது மனதில் ஓடுவது இந்தப் பட்டியல் அல்ல. காடு, மலை, ஏதோ ஒரு பெரிய ஆபத்து. அந்தக் கற்பனைக்கு ஏற்ற கத்தியைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நான் முதலில் வாங்கிய மடக்குக் கத்தியின் பிளேடு 10 செ.மீ. நீளம், 4 மி.மீ. தடிமன். பையில் போட்டால் பேன்ட் ஒரு பக்கமாக இழுத்தது. பத்து நாளில் மேசை இழுப்பறைக்குப் போனது, அப்புறம் வெளியே வரவே இல்லை. கூடவே இல்லாத கத்தி எவ்வளவு நல்ல கத்தியாக இருந்து என்ன? அன்றாட வேலைக்கு 6 முதல் 8 செ.மீ. பிளேடு தாராளம். எடை 100 கிராமுக்குள் இருந்தால் பையில் இருப்பதே மறந்துவிடும்.

தற்காப்புக்காக வாங்குகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பதற்றத்தில் மடக்குக் கத்தியைத் திறப்பதே பெரும்பாடு. திறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகத்தான் ஆகும்.

நீளத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது தடிமனைப் பற்றித்தான். ஏனோ இதை யாரும் கேட்பதே இல்லை. தடிமனான பிளேடு உறுதியாகத் தெரியும், கையில் எடுத்தால் நம்பிக்கை வரும். ஆனால் வெட்டும்போது அது ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. ஆப்பிளில் இறக்கினால் நறுக்காது, பிளக்கும். அட்டைப்பெட்டியில் பாதி வழியில் சிக்கி நிற்கும். கூர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன் பின்னால் வரும் உலோகமும் அதே வழியாக நுழைந்தாக வேண்டும் அல்லவா? பிரான்சின் சவோய் பகுதியில் 1890-இல் பிறந்த ஆப்பினெல் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 8-ஆம் எண் கத்தியில் பிளேடு 8.5 செ.மீ., தடிமன் 2 மி.மீ.க்கும் குறைவு, மரப்பிடியோடு சேர்த்து எடை 50 கிராம்கூட இல்லை. எஃகு மிகச் சாதாரணமானது. ஆனாலும் பழமோ அட்டையோ கயிறோ, தடிமனான ‘வீர’க் கத்திகள் பலவற்றைவிடச் சுலபமாக வெட்டும். வாங்கும்போது பிளேடை முதுகுப் பக்கத்திலிருந்தும் நுனியிலிருந்தும் பாருங்கள். முதுகிலிருந்து கூர்வரை சீராக மெலிந்து வருகிறதா, அல்லது தடியாகவே வந்து கடைசியில் மட்டும் சட்டென்று சரிகிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

மெல்லிய பிளேடுக்கும் ஒரு விலை உண்டு. நெம்பக் கூடாது. பெயின்ட் டப்பா மூடியைத் திறப்பதும், திருகாணி முடுக்குவதும், ஆணி பிடுங்குவதும் கத்தியின் வேலை அல்ல. நுனி உடைவதற்கு இதுதான் முக்கியக் காரணம். உங்கள் பட்டியலில் திருகாணி அடிக்கடி வந்தால், திருப்புளியும் சேர்ந்த விக்டோரினாக்ஸ் போன்ற பல்கருவிக் கத்தியை வாங்குவதே சரி. அதிலும் இருபது கருவி உள்ளதைத் தேடாதீர்கள். ஒவ்வொரு அடுக்கு கூடும்போதும் கத்தி தடிமனாகி, பிடிப்பதற்குச் செங்கல் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது எஃகின் பெயரில் மயங்குவது. எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களை ஒப்பிட்டு ஒப்பிட்டே பலர் வாரக்கணக்கில் நேரம் செலவழிக்கிறார்கள். விஷயம் அடிப்படையில் எளிது. எஃகைக் கடினமாக்கினால் கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் எளிதில் சிம்பு பெயரும், தீட்டுவதும் கடினம். மென்மையாக விட்டால் சீக்கிரம் மழுங்கும். ஆனால் ஐந்து நிமிடத்தில் பழைய கூருக்குக் கொண்டுவந்துவிடலாம். கடினத்தை ராக்வெல் எண்ணில் அளப்பார்கள். விக்டோரினாக்ஸ் கத்திகள் 55-56 அளவில் இருக்கும். எஸ்30வி போன்ற உயர்ரக எஃகு 60-ஐ ஒட்டி இருக்கும். அந்த எஸ்30வி-யில் 4 சதவீதம் வனேடியம் என்ற உலோகம் உண்டு. அது கார்பனோடு சேர்ந்து உருவாக்கும் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லின் மணிகளைவிடக் கடினமானவை. அதனால் சாதாரணக் கல்லில் மெதுவாகத்தான் தேயும், வைரத்தூள் பதித்த தகடு இருந்தால் நல்லது. இதைத் தெரிந்துகொள்ளாமல் விலை உயர்ந்த எஃகை வாங்கியவர்கள், முதல்முறை மழுங்கியதும் அப்படியே வைத்துவிடுகிறார்கள். இன்னொன்று பதம், அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிர்விக்கும் முறை. ஒரே எஃகு நல்ல பதத்தில் ஒரு மாதிரி, மோசமான பதத்தில் வேறு மாதிரி. பதம் போட்ட கைதான் பாதி கத்தி. பிரபலப் பெயரைப் போலியாகப் பொறித்து வரும் கத்திகளை நான் தொடவே மாட்டேன் என்பதற்குக் காரணமும் இதுதான். உள்ளே என்ன எஃகு, என்ன பதம் என்று யாருக்கும் தெரியாது.

துரு விஷயமும் இங்கேயே வருகிறது. கார்பன் எஃகு அருமையாகத் தீட்ட வரும். ஆனால் பழம் வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடக்கினால் மறுநாளே கறை. டி2 என்ற எஃகில் ஏறக்குறைய 12 சதவீதம் குரோமியம் இருப்பதைப் பார்த்துத் துருவே பிடிக்காது என்று நம்புகிறார்கள். அந்தக் குரோமியத்தில் கணிசமான பகுதி கார்பனோடு பிணைந்து கிடப்பதால் துருவைத் தடுக்கும் வேலைக்கு வராது. வேர்வை படும் பையிலேயே நாள் முழுக்கக் கிடக்கும் கத்தி என்றால் துருப்பிடிக்காத எஃகே நிம்மதி.

இனி பூட்டு. என் ஆள்காட்டி விரலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. பூட்டில்லாத, ஸ்பிரிங் மட்டும் தாங்கும் கத்தியின் நுனியால் கெட்டியான பிளாஸ்டிக்கைக் குத்தித் துளை போட முயன்றேன். குத்தும் விசை பிளேடைப் பின்னோக்கித் தள்ளியது, கத்தி விரல்மேலேயே மடங்கியது. தவறு கத்தியுடையது அல்ல. அந்த வகைக் கத்தி இழுத்து வெட்டுவதற்கு மட்டும்தான். நுனியால் குத்தும் வேலை இருந்தால் பூட்டு வேண்டும். ஆப்பினெலில் 1955 முதல் வரும் திருகு வளையமும் ஒரு பூட்டுதான், எளிமையானது. லைனர் லாக் என்பது கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு நகர்ந்து வந்து பிளேடைத் தாங்கும் பூட்டு. அதில், திறந்த நிலையில் அந்த உள்தகடு பிளேடின் அடியில் முழுதாக வந்து உட்காருகிறதா, ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். பிளேடைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. இடதுகைக்காரர்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான லைனர் லாக்குகள் வலது கட்டைவிரலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. கைப்பிடியின் முதுகில் அழுத்தி விடுவிக்கும் பேக் லாக் இரண்டு கைக்கும் ஒன்றுதான். அப்புறம், எந்தப் பூட்டு இருந்தாலும் பூட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டு விரலை வைப்பதுதான் நல்லது.

பூட்டோடு சட்டமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கத்தி பூட்டில்லாததாகவும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்பதை வாங்கிய பிறகு பார்ப்பது தலைகீழ். விமானப் பயணத்துக்கு முன் பையை ஒருமுறை துழாவிப் பார்த்துவிடுங்கள். எத்தனையோ நல்ல கத்திகள் பாதுகாப்புச் சோதனையில் பறிபோயிருக்கின்றன.

கைப்பிடியைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் இறுகப் பிடித்து அட்டையை ஐந்து நிமிடம் வெட்டிப் பாருங்கள். பையில் மாட்டுவதற்கான கிளிப் உள்ளங்கையில் குத்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பாதி ரம்பப்பல் வைத்த பிளேடு தினமும் கயிறு அறுப்பவருக்குச் சரி. மற்றவர்களுக்கு அது சாதாரணக் கல்லில் தீட்ட முடியாத பாதியாகப் போய்விடும்.

கத்தியோடு சேர்த்துச் சாணைக்கல்லையும் வாங்குங்கள். இதைத் தள்ளிப்போடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். மொக்கைக் கத்திக்கு அழுத்தம் அதிகம் கொடுக்க வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கை. தீட்டும்போது கல்லுக்கும் பிளேடுக்கும் இடையே ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணம். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் மெல்லிய பிசிர் எழும்பும். விரல் நுனியைக் கூருக்குக் குறுக்காக, வெளிப்புறமாக மெதுவாகத் தடவினால் தட்டுப்படும். நீளம் முழுக்கத் தட்டுப்பட்ட பிறகு மறுபக்கம் திருப்பி அதே மாதிரி தீட்டுங்கள். கடைசியில் அழுத்தமே கொடுக்காமல் மாறிமாறிச் சில இழுப்பு. பிறகு ஒரு செய்தித்தாளைத் தொங்கப் பிடித்து வெட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் கிழிகிறதோ, அந்த இடத்தை மட்டும் மறுபடி கல்லில் வைத்தால் போதும்.