மூன் ரிவருக்கு எந்த ஃபிங்கர்ஸ்டைல் டேப் எடுக்கலாம்?

ஹென்றி மான்சினி இசையமைத்து 1961-ல் வந்த 'மூன் ரிவர்' பாட்டை கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைலில், அதாவது விரல்களாலேயே மீட்டி, தனியாக வாசிக்க ஆசைப்படுபவர்கள், டேப்பை (எந்தக் கம்பியில் எந்த இடத்தை அழுத்துவது என்று காட்டும் குறிப்பை) இறக்குவதற்கு முன் அது எந்த ஸ்கேலில் இருக்கிறது என்று பாருங்கள். சி மேஜரில் எழுதியிருந்தால் முதல் ஸ்வரமே திறந்த (விரல் அழுத்தாத) மூன்றாவது கம்பியில் விழும், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) சத்தத்துக்குள் மெட்டு அமுங்கிப் போகும், போதாக்குறைக்கு பிடிக்கக் கஷ்டமான எஃப் கார்டு வேறு. ஜி மேஜர் என்றால் அதே மெட்டு முதல் இரண்டு கம்பிகளிலேயே நடக்கிறது, அடுத்து வரும் இ மைனர் கார்டுக்கு பேஸ் (அடி ஸ்வரம்) திறந்த ஆறாவது கம்பியில் கிடைப்பதால் இடது கை முழுக்க மெட்டைக் கவனிக்கலாம். எனக்கு ஜி-தான் பிடிக்கும்.

அப்புறம், நீண்டு நிற்க வேண்டிய ஸ்வரத்தின் மேல் விரல் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று மெதுவாக வாசித்துப் பாருங்கள். அந்த ஏக்கமே அந்த நீட்டலில்தான் இருக்கிறது. அடுத்த கார்டுக்காக விரலைப் பாதியில் எடுக்க வைக்கிற டேப், அல்லது மூன்று தாள அடியையும் ஆர்பெஜியோவால் (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவதால்) அடைத்து வைத்திருக்கிற டேப், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.